இன்று யார் ஷிப்ட்?

வியாழன் இரவு

வறுமையைப் பற்றி நேரில் கேட்டறிய எம்.எல்.ஏ.க்கள் குழு ஒன்று இன்று மல்லிகாவின் தெருவுக்கு வந்தது. மல்லிகா எங்கள் சுரங்கக் குவார்ட்டர்ஸில் வீட்டு வேலை செய்பவள். நானும் போயிருந்தேன்.

"ராத்திரி எல்லாரும் சாப்பிடுறீங்களாம்மா?" என்று ஒருவர் மல்லிகாவைக் கேட்டார்.

"பசங்க தினம் சாப்பிடுதுங்க. நாங்க ஷிப்ட் போட்டுக்கினு சாப்பிடுறோங்க. ஒருநாள் அவரு, ஒருநாள் நானு."

"வீட்டுக்காரர் மைன்ஸா? நைட் ஷிப்டா?" என்றார் அவர்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. நான் டிபன் தரும்போதெல்லாம், "கட்டிக் குடுங்கக்கா, இன்னிக்கு அவரு ஷிப்டு" என்பாள். புருஷன் வேலைக்குக் கொண்டுபோகிறான் என்றே நானும் நினைத்திருந்தேன்.

குழு போன பிறகு மெல்லக் கேட்டேன். "இன்னிக்கு யார் ஷிப்ட், மல்லிகா?"

"ரெண்டு பேருக்குமே ஆஃபுதான்க்கா. கமிட்டி வருதுன்னு வேலைக்குப் போகலையே."