பெர்மனென்ட் ஆனதும் வாங்க

நெய்வேலி,
வெள்ளிக்கிழமை, அஸர் தொழுத பிறகு.

அன்பு மகன் தௌஃபீக்குக்கு அம்மா சாஜிதா எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் அத்தா, தங்கச்சி மிஸ்ரியா, நான் மூன்று பேரும் உடம்பளவில் சுகம், மனசைப் பற்றிக் கீழே எழுதுகிறேன். பின்லாந்தில் இந்த மாசத்தில் சாயங்கால டீக்கு முன்னாலேயே இருட்டிவிடும் என்று போன வருஷம் சொன்னாய், அந்த இருட்டில் நீ தனியாக எப்படி இருக்கிறாயோ, காதை மூடுகிற குல்லாய் போட்டுக்கொள்கிறாயா, நான் கொடுத்தனுப்பிய மிளகுப்பொடி தீர்ந்துவிட்டதா. இங்கே ஐப்பசி மழை பிடித்தது விடவே இல்லை. சுரங்கத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறதாம், பம்ப் ஓடிக்கொண்டே இருக்கிறதாம், அத்தா முதல் ஷிப்ட் போனால் சேறும் சகதியுமாக வந்து வாசலிலேயே நின்று பக்கெட் தண்ணீர் கேட்கிறார். முழங்காலுக்குத் தைலம் தேய்த்துவிடுகிறேன், வலிக்கவில்லை வலிக்கவில்லை என்கிறார், படி ஏறும்போது பார்த்தால் தெரிகிறது. துவைத்த துணி எல்லாம் வராந்தாவில் கொடி கட்டித் தொங்குகிறது, வீடே ஈர நாற்றம்.

போன் இருக்கும்போது இந்த அம்மா ஏன் தாளும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் முகம் தெரியும் தம்பி. இந்த முகத்தை உனக்குக் காட்ட எனக்குத் தைரியம் இல்லை. அதனால்தான் இந்தப் பத்து நாளாகக் கூப்பிட்டால் சாப்பிட்டாயா தூங்கினாயா என்று ரெண்டு வார்த்தை பேசிவிட்டு மிஸ்ரியாவிடம் கொடுத்துவிடுகிறேன். எழுதி முடித்ததும் நானே படம் பிடித்து அனுப்பிவிடுவேன், எழுத்து கோணலாக இருந்தால் கண்ணாடியை மாற்றவில்லை என்று நினைத்துக்கொள்.

அன்றைக்கு உன்னை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினேனே, போனுக்கு இந்தப் பக்கம் என்ன நடந்தது என்று உனக்கு முழுசாகத் தெரியாது. குள்ளஞ்சாவடியில் இரும்புக்கடை வைத்திருக்கிற குடும்பம் உனக்குப் பெண் கொடுக்கலாமா என்று வீடு பார்க்க வந்திருந்தார்கள், பெண்ணின் அம்மா நசீமா, பெண்ணின் அண்ணன், கூட ரெண்டு பெரியவர்கள். என்னைக் கேட்காமல் ஏன் வரச் சொன்னாய் என்று கோபப்படுவாய், கோபப்படு, அதுவும் என் தப்புதான். நான் ஷோகேஸில் இருந்து பூப்போட்ட கப்புகளை இறக்கி டீ ஊற்றிக் கொடுத்துவிட்டு உன் வேலையைப் பற்றி அளக்க ஆரம்பித்தேன். இப்போது இருக்கிற கம்ப்யூட்டர் எல்லாம் நாளைக்குப் பழைய சாமான் கடைக்குத்தான் போகும், என் மகன் செய்கிற குவாண்டம் கம்ப்யூட்டர்தான் இனி எல்லாம், ஆகாயத்தைவிடக் குளிரான பெட்டி ஒன்றை அவன் பொறுப்பில் விட்டிருக்கிறார்கள், நம் அரசாங்கமே இதற்கென்று தனித் திட்டம் போட்டுவிட்டது, உலகம் பூரா ஆள் கிடைக்காமல் அலைகிறார்கள் என்று என்னென்னவோ சொன்னேன். பாதி நீ சொன்னது, பாதி நானாகச் சேர்த்தது. நசீமா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இந்தப் பக்கத்தில் மாப்பிள்ளை பார்க்க வருகிற எல்லோரும் கேட்கிற அந்த ஒரே கேள்வியைக் கேட்டாள். அதெல்லாம் சரிதாங்க, வேலை பெர்மனென்ட்தானே என்றாள். நான் சிரித்தேன். குவாண்டத்துல காண்ட்ராக்ட்டே கிடையாதுங்க, எடுத்தவுடனே பெர்மனென்ட்தான் என்றேன். யார் எனக்குச் சொன்னார்கள்? ஒருத்தரும் சொல்லவில்லை. வெளிநாட்டில் அவ்வளவு படித்தவனுக்குப் பெர்மனென்ட் இல்லாமல் வேறு என்ன இருக்கும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

பெண்ணின் அண்ணன் போனைப் பார்த்துக்கொண்டே இருந்தான், மரியாதை இல்லாத பிள்ளை என்று நினைத்தேன். கடைசியில் மெதுவாக, உங்க பையன் பேரு அவங்க லேப் வெப்சைட்டுல இருக்குதுங்க, ஆனா ரெண்டு வருஷத்துக்குன்னு போட்டுகிறாங்களே என்றான். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. இப்பவே என் மகன் வாயால கேளுங்க என்று உனக்குப் போன் போட்டேன். யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியாமல் நீ உள்ளதைச் சொன்னாய். ஆமாம்மா, ப்ராஜெக்ட் மார்ச்சோட முடியுது, அதுக்கப்புறம்தான் பாக்கணும், இங்க நிறைய பேருக்கு இப்படித்தான் என்றாய். நான் என்ன சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். இத்தனை பேர் முன்னாடி என் மானத்தை வாங்கிட்டியேடா என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். நீ திரும்பத் திரும்பக் கூப்பிட்டாய். நசீமா எழுந்து முக்காட்டைச் சரி பண்ணிக்கொண்டு, தப்பா நெனச்சிக்காதீங்க, பையன் தங்கமான பையன்தான், பெர்மனென்ட் ஆவட்டும் அப்பறம் பேசிக்கலாம் என்றாள். போன் டீப்பாயின் மேல் அடித்துக்கொண்டே இருந்தது, நான் எடுக்கவில்லை.

நசீமா சொன்னதைக் கேட்டு எனக்குக் கோபம் வரவில்லை தம்பி. உடம்பு கூசியது. ஏனென்றால் அது என்னுடைய வார்த்தை. போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு காடாம்புலியூர் பரீதும் அவன் அம்மாவும் முறையாக மிஸ்ரியாவைப் பெண் கேட்டு வந்தார்கள், நான் வேண்டாம் என்றதும் உனக்குத் தெரியும். எப்படி அனுப்பினேன் என்பது தெரியாது. உங்கள் அத்தா வேலை செய்கிற அதே சுரங்கத்தில்தான் அவன் எலக்ட்ரீஷியன், காண்ட்ராக்ட். மிஸ்ரியா வேலை பார்க்கிற வடலூர் மருந்துக்கடைக்கு அவன் அம்மாவின் சர்க்கரை மாத்திரை வாங்க வந்த பழக்கம். ஒரு கெட்ட பேர் கிடையாது. அன்றைக்கு நான் பூப்போட்ட கப்பை இறக்கவில்லை. ஃபேன் ரிப்பேருக்கும் சாக்கடை அடைப்பு எடுக்கவும் வருகிறவர்களுக்கு டீ கொடுக்கிற டம்ளர் தனியாக வைத்திருக்கிறேனே, அதில் ஊற்றிக் கொடுத்தேன். காண்ட்ராக்ட் ஆளுக்கு எப்படிங்க பொண்ணு குடுக்கிறது, குவார்ட்டர்ஸ் உண்டா, ஆஸ்பத்திரி உண்டா, இன்னிக்கி இருக்கிற வேலை நாளைக்கி இருக்குமா, பெர்மனென்ட் ஆனதும் வாங்க என்றேன். அதோடு வாயை மூடியிருக்கலாம். என் மகனைப் பாருங்க, எடுத்தவுடனே பெர்மனென்ட்ல போய் உக்காந்தான் என்றும் சொன்னேன். பரீத் தலையைக் குனிந்து அந்த டம்ளரில் இருந்த டீயை மிச்சம் வைக்காமல் குடித்தான், கீழே வைத்தான், வர்றோங்க என்று சொல்லி அம்மாவைக் கூட்டிக்கொண்டு போனான். பதில் சொல்ல வாய் இல்லை என்று நினைத்துக்கொண்டேன்.

குள்ளஞ்சாவடிக்காரர்கள் போன பிறகு உங்கள் அத்தா சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிக்கொண்டே, நீ என்னைக் கட்டிக்கிட்டப்ப நான் என்னவா இருந்தேன் சாஜி என்று கேட்டார். அவர் காண்ட்ராக்ட்டாகத்தானே இருந்தார், நீ மூன்றாவது படிக்கும்போதுதானே பெர்மனென்ட் ஆனார், அதுவரைக்கும் வடலூர் ரோட்டில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட வீட்டில்தானே இருந்தோம். குவார்ட்டர்ஸ் சாவி வாங்கிய அன்றைக்கு அந்தக் காலத்தையே துடைத்துவிட்டேன் போல. இந்த பிளாக்கில் யாருக்கும் நான் அதைச் சொன்னதே இல்லை. அத்தாவும் என் மூஞ்சிக்காகச் சொல்லாமல் இருந்திருக்கிறார்.

மிஸ்ரியா சமையல்கட்டில் பூப்போட்ட கப்புகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். என் ஆத்திரத்தை எல்லாம் அவள் மேல் கொட்டினேன், உங்க அண்ணன் காண்ட்ராக்ட்னு உனக்குத் தெரியுமாடி என்று கத்தினேன். அவள் திரும்பாமலே, தெரியும்மா, அவருக்கும் தெரியும், நம்ம வீட்ல உக்காந்து டீ குடிச்சாரே அன்னிக்கே தெரியும் என்றாள். எனக்குப் புரியவில்லை. பிறகு உட்காரவைத்துச் சொன்னாள். டிப்ளமோ எலக்ட்ரிகல் படித்த தன்னைப் போன்றவனுக்கு இந்தக் குவாண்டத்தில் ஏதாவது வழி உண்டா என்று, பெண் கேட்டு வருவதற்கு முன்பே பரீத் இவளிடம் நம்பர் வாங்கி உன்னைக் கேட்டானாம். ஃபிசிக்ஸில் பெரிய படிப்புப் படித்தவர்களுக்கு மட்டும் இல்லை, அந்தக் குளிர்ப் பெட்டிக்கு ஒயரிங் போட, வேக்குவம் பம்ப் பார்க்க, நிற்காமல் ஓட்ட ஆள் வேண்டும், பெங்களூரிலும் கம்பெனிகள் வந்துகொண்டிருக்கின்றன, முயற்சி பண்ணு என்று நீ சொன்னாயாம். விளம்பரத்தில் வருகிறதை எல்லாம் நம்பாதே, இப்போதைக்கு ப்ராஜெக்ட் இருக்கிற வரைக்கும்தான் வேலை, எனக்கே அடுத்த மார்ச்சோடு முடிகிறது, வீட்டில் சொல்லிவிடாதே, அம்மாவுக்குக் காண்ட்ராக்ட் என்ற வார்த்தையே ஆகாது என்றும் சொன்னாயாம்.

அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் பத்து நாளாகச் சுமந்துகொண்டு திரிகிறேன். நீ என்னைச் சரியாகத்தான் தெரிந்துவைத்திருக்கிறாய். வேலை போகப்போகிறது என்ற பயத்தை, பெற்றவளிடம் சொல்ல முடியாமல், அவள் பிற்பாடு வாசலில் இருந்து திருப்பி அனுப்பின பிள்ளையிடம் சொல்லியிருக்கிறாய். நான் உன்னைக் காட்டி மட்டம் தட்டியபோது அவன், உங்க மகனும் காண்ட்ராக்ட்தாங்க என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே நாக்கைப் பிடுங்கிக்கொண்டிருப்பேன். சொல்லவில்லையே. உனக்குக் கொடுத்த வாக்குக்காக அந்த டீயைக் குடித்துவிட்டுப் போயிருக்கிறான். சீ, நானும் ஒரு மனுஷியா என்று இருந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அத்தாவும் நானும் காடாம்புலியூர் போனோம். மிஸ்ரியாவிடம் சொல்லவில்லை, வேண்டாம் என்று அவர்கள் சொல்லிவிட்டால் அந்தப் பெண் ரெண்டாவது தடவை நொறுங்கிப்போகும் என்று பயம். முந்திரித் தோப்பை ஒட்டின சின்ன வீடு, உள்ளே ஒழுகுகிற இடத்தில் குண்டான் வைத்திருந்தார்கள். பரீதின் அம்மா, மழையில நனைஞ்சிகினு வந்துகிறீங்களே, உள்ள வாங்க என்று துண்டு எடுத்துக் கொடுத்தாள். அவர்கள் வீட்டில் இருக்கிற நல்ல கப்பு எது என்று எனக்குத் தெரியாதா, அதில்தான் டீ வந்தது, அவளும் பரீதும் டம்ளரில் குடித்தார்கள். நான் வாயைத் திறந்து, மிஸ்ரியாவை உங்க வூட்டுக்கே எடுத்துக்குங்க, நான் பேசினது தப்பு என்றேன். பெர்மனென்ட் ஆனதும் வாங்கன்னு சொன்னீங்க, இவன் இன்னும் ஆவலீங்களே, பரவாயில்லீங்களா என்று அவள் கேட்டாள். சிரித்துக்கொண்டேதான் கேட்டாள், ஆனால் கேட்டுவிட்டாள். கேட்க வேண்டியதுதானே. பரவாயில்லீங்க என்றேன். அத்தாதான், நானும் அப்படி இருந்தவன்தாங்க என்று அவர்களிடம் சொன்னார். அப்படியா என்று அவள் என் முகத்தைப் பார்த்தாள் பார், அந்தப் பார்வை எனக்குச் சாகும்வரை போதும்.

பரீதுக்கு பெங்களூரில் இடம் கிடைத்திருக்கிறதாம். குவாண்டம் ஆராய்ச்சி நடக்கிற இடங்களுக்குக் குளிர் மெஷின் பொருத்திக் கொடுக்கிற கம்பெனி, டெக்னீஷியனாகப் பழக்கி எடுத்துக்கொள்கிறார்கள், தையில் சேர வேண்டும். அதுவும் காண்ட்ராக்ட்தாங்க மாமி, முன்னாடியே சொல்லிடறேன் என்றான். என் மகள் விருப்பம்தான் என் விருப்பம் என்றேன். அப்புறம் நான் மன்னிப்புக் கேட்கலாம் என்று ஆரம்பித்தேன், அவன் கேட்கவிடவில்லை. அதெல்லாம் வுடுங்க மாமி, தௌஃபீக் அண்ணனுக்கு மார்ச்சுக்கு அப்பறம் எதுனா கெடச்சிதுங்களா, ரெண்டு மூணு எடத்துக்கு எழுதிப் போட்டுகினு இருக்கேன்னாரு, அதப்பத்தி எதுனா சொன்னாருங்களா என்று கேட்டான். எனக்குப் பதில் தெரியவில்லை தம்பி. அவன் காத்திருந்தான், அவன் அம்மா காத்திருந்தாள், உங்கள் அத்தா என்னைப் பார்த்தார். நான் டீயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்து மிஸ்ரியாவிடம் சொன்னேன். அழுதாள், பிறகு அண்ணன் வந்தால்தான் நிக்காஹ் என்று கறாராகச் சொல்லிவிட்டாள், பரீதும் அதைத்தான் சொன்னான். பக்கத்து வீட்டுத் திலகவதியிடமும் நேற்று காம்பவுண்டு சுவர் ஓரமாக நின்று, என் மகன் வேலை காண்ட்ராக்ட்தான், மார்ச்சோடு முடிகிறது என்று சொல்லிவிட்டேன். அவள் ஐயோ என்றாள், நான் உள்ளே வந்துவிட்டேன். அவள் மகள் இசைப்பிரியா என்ஜினீயரிங் கடைசி வருஷம், குவாண்டத்துக்கு மேல்படிப்புப் போ, போனவுடனே பெர்மனென்ட் என்று நான்தான் அவளுக்கு ஆசை காட்டிவைத்திருந்தேன். நீ அந்தப் பெண்ணுக்கு ஒரு நாள் பேசு. என்ன படிக்க வேண்டும், எத்தனை வருஷம் இப்படி அலைய வேண்டும், எங்கே நிஜமாகவே ஆள் எடுக்கிறார்கள் என்று கூட்டாமல் குறைக்காமல் சொல். நான் சொன்னது பொய் என்றும் சொல்லிவிடு, எனக்காக மழுப்பாதே.

பரீதின் அம்மா உனக்கென்று வறுத்த முந்திரிப் பருப்பு ஒரு பொட்டலம் கொடுத்திருக்கிறாள், டப்பாவில் போட்டு வைத்திருக்கிறேன். வெளியே போகும்போது கழுத்தைச் சுற்றித் துணி போட்டுக்கொள், வெள்ளிக்கிழமைத் தொழுகையை விடாதே, வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே. அல்லாஹ் உனக்கு நல்ல ரிஜ்கையும் பிழைப்பையும் நிம்மதியையும் தருவானாக, உன்னைப் பெற்றவளின் வாயிலிருந்து உன்னைக் காப்பாற்றுவானாக. அத்தாவும் மிஸ்ரியாவும் ஸலாம் சொல்கிறார்கள்.

அன்றைக்கு ஸ்பீக்கரில் நான் உன்னைக் கேட்டிருக்க வேண்டியதைப் பரீத் கேட்டுவிட்டான், நான் இப்போதுதான் கேட்கிறேன். மார்ச்சுக்கு அப்புறம் என்னப்பா பண்ணப்போகிறாய், பயமாக இருக்கிறதா? உள்ளதை எழுது. ஒன்றும் கிடைக்காவிட்டால் அதையும் எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா
சாஜிதா அப்துல் கபார்