ப்ளேன் இல்லாத தூரம்

விருத்தாசலம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகன் இளவழகனுக்கு அம்மா ஆசீர்வதித்து எழுதுவது. முட்டிவலியைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. துபாயில் நீயும் மருமகள் மதிவதனியும் பிள்ளையும் நோய்நொடி இல்லாமல் இருக்க கொளஞ்சியப்பர் துணை. போன் இருக்க எதற்குக் கடுதாசி என்பாய். தம்பி பேச்சை எடுத்தாலே சிக்னல் இல்லம்மா என்று வைத்துவிடுகிறாய், கடுதாசிக்கு சிக்னல் வேண்டாம், அதனால் சனிக்கிழமை உன் ஊருக்குப் புறப்படும் தர்மராஜிடம் கொடுத்து அனுப்புகிறேன்.

கார்த்திகை நெருங்குகிறது, செராமிக் கம்பெனியில் அகல் விளக்குக்குச் சாயம் பூச ஆள் போதவில்லை என்று நானும் போகிறேன். கை வேலை செய்கிறது, மனசு அபுதாபியில் இருக்கிறது. அங்கே உன் தம்பி சேரன் கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து கால் உடைந்து மாவுக்கட்டோடு கிடப்பது உனக்கும் தெரியும். ஒரு வாய் தண்ணீருக்கும் கூடத் தங்கியிருப்பவர்கள் வேலை முடிந்து வந்தால்தான். அண்ணன் வந்து பார்த்தானா என்றால் பேச்சை மாற்றுகிறான். நீயோ அவன் ஊரு வேற, ஏர்போர்ட்டு வேற, ரொம்ப தூரம்மா என்றுதான் இத்தனை வருஷமும் சொன்னாய். நானும் நம்பி முறுக்கு, ஊறுகாய் எல்லாம் ரெண்டு பார்சலாகக் கட்டி, அவன் பக்கம் போகிறவர்களைத் தனியாகத் தேடிப் பிடித்து அனுப்பிக்கொண்டிருந்தேன்.

மனசு பொறுக்காமல் திங்கட்கிழமை மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலுக்கு, குறையைத் தாளில் எழுதிச் சாமியிடம் பிராது கட்டப் போனேன். அங்கே சாமி விசாரிக்கப் போகும் தூரத்தைக் கேட்டுத்தானே அதற்குப் படிப்பணம் வாங்குவார்கள், உங்கள் ரெண்டு பேர் ஊருக்கும் நடுவில் எவ்வளவு என்றால் பதில் தெரியாமல் முழிக்கக் கூடாதே என்று வழியில் டிக்கெட் போடும் கடையில் காவியாவிடம், துபாய் ஏர்போர்ட்டிலிருந்து அபுதாபி ஏர்போர்ட்டுக்கு ப்ளேன் எவ்வளவு நேரம் என்று கேட்டேன். அந்தப் பெண் சிரித்துவிட்டது. அதுக்கு ப்ளேனே கெடையாதும்மா, ஏறுனதும் எறங்கணும், நம்மூர்லருந்து கடலூர் போற நேரத்துல பஸ்ஸுலயே போயிரலாங்க என்றது. நானும் கூடச் சிரித்துவிட்டு வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா சாவுக்கு வராதவன் எனக்குத் தம்பி இல்லை என்று நீ அன்றைக்குச் சொன்னது கோபத்தில் வந்தது, ஆறிவிடும், தூரம்தான் உங்களைச் சேரவிடவில்லை என்று இருந்துவிட்டேன். அவன் பாஸ்போர்ட்டைக் கம்பெனிக்காரன் கொடுக்கவில்லை, அங்கேயே தனியாக உட்கார்ந்து தலை மழித்துக்கொண்டான் என்பதாவது உனக்குத் தெரியுமா. எனக்கு ரொம்ப வருத்தமாக இருக்கிறதப்பா.

கோயிலில் தாள் வாங்கி, பிராது கொடுப்பவர் என்று என் பேரை எழுதினேன். யார் மேல் என்று எழுத வேண்டிய இடத்தில் கை நின்றுவிட்டது. பெற்ற பிள்ளை மேல் சாமியிடம் எப்படி எழுதிக் கொடுப்பது. மடித்து எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். அந்தத் தாளில்தான் இதை எழுதுகிறேன், மேலே என் பேர் இருக்கும் பார். தகப்பனுக்கு மூத்தவன், தாய்க்கு இளையவன் என்பது நம் வழக்கம். எனக்குக் கொள்ளி வைக்க வேண்டியவன் அவன். அன்றைக்கு நீங்கள் ரெண்டு ஏர்போர்ட்டில் ஏறி ரெண்டு ப்ளேனில் தனித்தனியாக வந்து இறங்குவீர்களோ என்பதுதான் என் கவலை.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் அலையாதே. மூவரும் தீர்க்காயுசாக இருங்கள். ஒன்று மறந்துவிடாதே. இந்தத் தடவை முறுக்கை ஒரே பார்சலாகக் கட்டி தர்மராஜிடம் கொடுத்திருக்கிறேன். அதில் பாதி உன் தம்பியுடையது.

இப்படிக்கு,
உன் அம்மா
சொர்ணாம்பாள்