வலிப்பு மாத்திரை எங்கள் ஊருக்கும் வர வேண்டி

அனுப்புநர்:
வீ. துரைராசு, த/பெ வீரையன்,
கீழத்தெரு, ஒக்கநல்லூர்,
தஞ்சாவூர் மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட சுகாதார அலுவலர் அவர்கள்,
தஞ்சாவூர்.

பொருள்: என் மனைவி து. பரிதி வலிப்பு மாத்திரை கிடைக்காமல் நடவு வயலில் இறந்தது – அம்மாத்திரையை எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே வழங்கக் கோருவது – தொடர்பாக.

பார்வை: மக்கள் குறைதீர் நாளில் சென்ற தை மாதம் நான் அளித்த மனு.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் குத்தகைக்கு நிலம் பிடித்துச் சாகுபடி செய்பவன். என் மனைவி பரிதி நடவு வேலைக்குப் போய்வந்தாள். பள்ளிக்கூட வயதிலிருந்தே அவளுக்கு வலிப்பு உண்டு. பெண் பார்க்கப் போன அன்று பெரியவர்கள் இதை மறைக்கப் பார்த்தார்கள். காபித் தட்டை வைத்துவிட்டு அவளே சொன்னாள்: "எனக்கு வலிப்பு வரும்ங்க. மாத்திரை போட்டா வராது. யோசிச்சுச் சொல்லுங்க." நான் யோசிக்கவில்லை. அவள் சொன்னபடியே, மாத்திரை கிடைத்தவரை ஒருமுறைகூட அவளுக்கு வலிப்பு வந்து நான் பார்த்ததில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

2. மாதாமாதம் எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வாங்கிவந்த அந்த மாத்திரை சென்ற ஆண்டு ஆடிக்குப் பிறகு வரவில்லை. மருந்து கொடுக்கும் அம்மையாரைக் குறை சொல்ல மாட்டேன். "நாங்களும் கேட்டு எழுதிக்கிட்டேதாங்க இருக்கோம், அனுப்ப மாட்டேங்குறாங்க. டவுன் ஆஸ்பத்திரிக்குப் போயிப் பாருங்க" என்றார். டவுனில் நரம்பு டாக்டர் புதன்கிழமை மட்டுமே வருவார். நோயாளி நேரில் வர வேண்டும். ஒருமுறைக்குப் பத்து நாளைக்கு மேல் தர மாட்டார்கள். இரண்டு பஸ் மாறிப் போய், டாக்டர் லீவு என்று திரும்பி வந்ததும் உண்டு. வெளியே மருந்துக்கடையில் புதுச் சீட்டு இல்லாமல் கொடுக்க முடியாது என்று கைவிரித்துவிட்டார்கள்.

3. ஐப்பசியில் சம்பா நடவு தொடங்கியது. நடவு என்பது ஆண்டில் சில வாரங்கள் மட்டுமே கிடைக்கும் வேலை. ஒருநாள் விட்டால் அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்துவிடும். மாத்திரை தீர்ந்துவிட்டதே என்று கேட்டேன். "இந்த வயல் முடியட்டுங்க, அடுத்த புதன் கட்டாயம் போவோம்" என்றாள்.

4. அந்தப் புதன் வருவதற்குள், மற்ற பெண்கள் டீ குடிக்க வரப்பேறியபோது, நாற்றுக்கட்டு ஒன்றை எடுத்துப் போட்டுவிட்டு வருவதாகப் பரிதி வயலின் மறுமூலைக்குப் போயிருக்கிறாள். "பரிதி, டீ ஆறிப்போவுது, வாடி" என்று நடவாட்களின் தலைவி குந்தவை கூப்பிட்டிருக்கிறார். பதில் இல்லை. ஓடிப்போய்ப் பார்த்தபோது முகம் சேற்றில் பதிந்து கிடந்தாள். அடுத்த வயலில் வரப்பு வெட்டிக்கொண்டிருந்த நான் சத்தம் கேட்டு வந்து அவளைப் புரட்டினேன். வாயிலும் மூக்கிலும் சேறு. கையில் நாற்று அப்படியே இருந்தது. விரலைப் பிரிக்க முடியவில்லை. "கெண்டக் குஞ்சுகூட நீந்தாத தண்ணியிலயா இவ போவா?" என்று குந்தவை தலையில் அடித்துக்கொண்டு அழுதார்.

5. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குத் தூக்கிப்போனோம். டாக்டர் கூட்டத்துக்குப் போயிருந்தார். நர்ஸ் நாடியைப் பார்த்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

6. பிறகு வந்த காவலர், "கரண்டைக்கால் தண்ணியில ஒரு பொம்பள எப்படிய்யா சாவா? வீட்டுல என்ன சண்ட?" என்று எல்லோர் முன்பும் கேட்டார். அதைக் கேட்டு நின்ற என் மாமனார் அன்றிலிருந்து என்னோடு பேசுவதில்லை. பிரேதப் பரிசோதனையில் நீரில் மூழ்கி மூச்சுத் திணறியதாக எழுதியுள்ளார்கள். தவறு என்று சொல்லவில்லை. வலிப்பு என்ற சொல் அதில் எங்கும் இல்லை.

7. தை மாதம் மனு கொடுத்தேன். நேரில் வந்து எவரும் விசாரிக்கவில்லை. நீரில் மூழ்கிய இறப்பு சுகாதாரத் துறைக்கு உட்பட்டதல்ல, மருந்து போதிய இருப்பில் உள்ளது, மனு தீர்வு செய்யப்பட்டது என்று கைப்பேசிக்குச் செய்தி வந்தது. அன்றே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்க் கேட்டேன். மாத்திரை இல்லை. வெறும் வயிற்றோடு போனவன், திரும்பி வரவும் தோன்றாமல் அங்கேயே மாலைவரை உட்கார்ந்திருந்தேன்.

8. என் தாயாருக்குச் சர்க்கரை மாத்திரையும் இரத்தக் கொதிப்பு மாத்திரையும் வீடு தேடி வருகின்றன. கொண்டுவரும் பெண் எங்கள் வாசலில் அமர்ந்து நலம் விசாரித்துவிட்டுத்தான் போகிறார். அதற்கு நாங்கள் நன்றியுடையவர்கள். அவர் தோளில் மாட்டிவரும் அதே பையில் இந்த ஒரு மாத்திரையையும் வைத்து அனுப்ப ஏன் வழியில்லை என்பது எனக்கு விளங்கவில்லை.

9. எனக்கு இனி இந்த மாத்திரையால் ஆகப்போவது ஒன்றுமில்லை. நிவாரணமும் கேட்கவில்லை. எங்கள் தெருவில் வள்ளியம்மை என்பவரின் மகள் இலக்கியாவுக்கும் இதே நோய், இதே மாத்திரை. அவளுக்கும் கிடைப்பதில்லை. இரண்டு முறை விழுந்துவிட்டாள். போக வேண்டாம் என்று தாய் கெஞ்சியும், "வீட்ல உக்காந்தா யாரும்மா சோறு போடுவா?" என்று குறுவை நடவுக்குப் போகிறாள். வயலும் வாய்க்காலும் தவிர வேறில்லாத ஊரில் தண்ணீர்ப் பக்கம் போகாதே என்று எவரால் சொல்ல முடியும்?

10. ஆகவே எங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் வலிப்பு மாத்திரையைத் தடையின்றி இருப்பு வைக்கவும், ஒரு மாதத்துக்கு வேண்டியதை ஒரேமுறையில் சேர்த்துக் கொடுக்கவும், நேரில் வர இயலாதவர்களுக்கு வீட்டிலேயே வழங்கவும் ஆணையிடும்படி வேண்டுகிறேன். இந்த மனுவும் முன்னதைப் போலவே போகும் என்றுதான் என் மனம் சொல்கிறது. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. வள்ளியம்மைக்கு முட்டி தேய்ந்து குனிய முடியாது. அவர் தினமும் காலையில் மகளோடு வந்து, நடவு முடியும்வரை வரப்பில் உட்கார்ந்து அவள் முதுகையே பார்த்துக்கொண்டிருக்கிறார். மழை பெய்தாலும் எழுந்திருப்பதில்லை. அவரை வீட்டுக்குப் போகச் சொல்ல எங்களால் முடியாது, ஐயா. தாங்கள் மாத்திரை அனுப்பினால்தான் முடியும்.

இடம்: ஒக்கநல்லூர்
நாள்: 07.07.2025

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
(ஒப்பம்)
வீ. துரைராசு