மாமாவின் ஆஸ்டினும் அம்மாவின் செவலையும்

1961 மார்ச் 6

மழை. தேயிலைக் கொழுந்து லொறி இன்றும் மூன்றாம் வளைவில் நின்றுவிட்டது. டிரைவர் கந்தப்பண்ணன் பொனட்டைத் திறந்து எஞ்சினைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நான் கிளீனர்; பார்க்கலாம், தொடக்கூடாது. அட்டனிலிருந்து மெக்கானிக் வந்து எதையோ திருகிவிட்டுப் பத்து ரூபாய் வாங்கிக்கொண்டு போனான். பெக்டரியில் வாட வேண்டிய கொழுந்து ரோட்டிலேயே வாடிவிட்டது.

பத்து ரூபாய்க்கு நான் நாலு நாள் லொறி கழுவ வேண்டும்.

மார்ச் 9

கொழும்பில் மோட்டார் மெக்கானிக் படிப்பு, ஒன்றரை வருடம். அரசாங்கப் படிப்பென்றால் பிரஜாவுரிமைப் பத்திரம் கேட்பார்கள். எங்கள் மனு எந்த அலுமாரியில் தூங்குகிறதோ. தனியார் பள்ளி பணம் மட்டும்தான் கேட்கிறது. எவ்வளவு பெருந்தன்மை.

வீட்டில் சொன்னேன். அப்பா வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னார்: "தோட்டத்துல ஒன் பேர வெட்டிட்டா திரும்ப எழுத மாட்டாங்கடா. அப்புறம் இந்த லயத்து வீட்டுக்கு நீ விருந்தாளி."

பீஸ் கட்ட எங்களிடம் இருப்பது செவலைப் பசு ஒன்றுதான். அதை விற்கலாமா என்றதும் அம்மா என்னை முறைத்தாள். "வருசா வருசம் கன்னு போடுற மாட்ட வித்து, கன்னு போடாத படிப்பா?"

மார்ச் 19

மூன்று வருடமாக என்னை 'டேய்' என்று கூப்பிட்ட மாயாண்டி கங்காணி இன்று 'மாப்பிள்ளை' என்றார். ஊருக்குப் போன வெள்ளைக்காரத் துரையிடம் வாங்கிய பழைய ஆஸ்டின் கார் அவரிடம் இருக்கிறது. வாங்கிய நாளிலிருந்து அதில் கோழிகள்தான் பயணம் செய்கின்றன.

படிப்புச் செய்தி பரவிவிட்டது. இந்த வாரம் ஒரு பெட்ரோமாக்ஸ், இரண்டு சைக்கிள், ஒரு தையல் மிஷின், கோயில் மைக் எல்லாம் ரிப்பேருக்கு என் கைக்கு வந்தன. கூலி: ஒரு பூசணிக்காய், நிறைய ஆசீர்வாதம். மைக்குக்கு அதுவும் இல்லை, சாமி காரியம்.

மார்ச் 26

யோசித்துப் பார்த்தேன். இந்தத் தோட்டத்தில் எல்லோரும் எனக்கு மாமா, அத்தை, சித்தப்பா, மச்சான். பெண் எடுக்காத வீட்டுக்காரரும் முறை சொல்லித்தான் கூப்பிடுகிறார். மாமாவிடம் காசு கேட்க முடியுமா? கேட்டால் அடுத்த திருவிழாவில் அதுதான் பேச்சு. அப்புறம் மாட்டை விற்று எதற்குப் படிக்க? சும்மா ரிப்பேர் பார்க்கவா? அதற்கு இப்போதே பூசணிக்காய் கிடைக்கிறதே!

மார்ச் 27

போகவில்லை. முடிவு.

ஏப்ரல் 2

ஆஸ்டினைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கார்பரேட்டரில் கோழி இறகு. கங்காணியின் மகள் நாகலெட்சுமி டோர்ச் பிடித்தாள்.

"கொழும்புக்குப் போகலையாமே?"

காரணத்தைச் சொன்னேன். சிரித்தாள்.

"ஒங்களுக்கு வேல வருது, காசு கேக்க வாய் வரல. அதுக்கு ஒரு ஆள வச்சுக்க வேண்டியதுதானே? எங்கப்பாகிட்டருந்தே காசு வாங்குற ஆளு இந்தத் தோட்டத்துல நான் ஒருத்திதான்."

அதற்கு என்ன அர்த்தம்? கேட்கத் துணிச்சல் இல்லை. ஆனால் சந்தோஷமாக இருக்கிறது. ஸ்பேனரை அங்கேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். எடுக்கப் போக வேண்டும்.

ஏப்ரல் 24

ஸ்பேனரை எடுக்கப் போய் வந்ததும் முடிவு மாறியது; கொழும்புக்குப் போகிறேன். தோட்டத்தில் பேரை வெட்டியாயிற்று. செவலையை விலைக்கு வாங்கிய கொட்டகலைக்காரர் ஓட்டிப் போனார். அம்மா வாசலுக்கு வரவில்லை. அப்பா மட்டும் வளைவு வரைக்கும் மாட்டோடு போய்விட்டு வந்தார்.

பயமா இருக்கு. தப்புப் பண்ணிட்டேனோ? திரும்பி வந்து நிக்க எடமில்லையே எனக்கு.

ஆகஸ்ட் 13, கொழும்பு

மூன்று மாதமாக எஞ்சினைப் படம்தான் வரைகிறோம். பசுவைப் படம் போட்டுப் பால் கறக்கிற மாதிரி இருக்கிறது.

1962 ஜனவரி 15, கொழும்பு

பொங்கலுக்குப் போகவில்லை. இன்று முதல் முறையாக ஒரு எஞ்சினை முழுக்கப் பிரித்துப் பூட்டினேன். ஓடியது. இரண்டு நட்டு மிச்சம். வாத்தியார் பார்ப்பதற்குள் பையில் போட்டுக்கொண்டேன்.

1963 பிப்ரவரி 3

பரீட்சை முடிவுக்குக் காத்திருந்து, சான்றிதழோடு லயத்துக்கு வந்தேன், விருந்தாளியாக. இனிமேல் புதுக் கார் இறக்குமதி கஷ்டமாம்; பழைய கார்களுக்கு ஆயுசு நீளும் என்று அப்பாவுக்கு விளக்கினேன். "அப்ப கோழிகளுக்குத்தான் கஷ்டம்" என்றார்.

ஜூன் 10

நாகலெட்சுமியோடு கல்யாணம் முடிந்தது. கங்காணி மறுபேச்சில்லாமல் பெண் கொடுத்தார். "வீட்டோட ஒரு மெக்கானிக்கு" என்று பந்தியில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். 'காசில்லாத மெக்கானிக்கு' என்றுதான் என் காதில் விழுந்தது.

ஜூலை 1

கொட்டகலைக் கடைத்தெருவில் பாதிக் கடை வாடகைக்கு எடுத்துத் திறந்தோம். முதல் வண்டி ஆஸ்டின். நாலு பேர் தள்ளிக்கொண்டு வந்தார்கள். பின்னால் சித்தப்பாவின் மோட்டார் சைக்கிள், மச்சானின் வேன்.

ஆஸ்டினை ஓட வைத்தேன். கங்காணி மாமா தோளில் தட்டி, "நல்லா இருங்க மாப்பிள்ளை" என்று ஏறப் போனார். "பரவாயில்ல மாமா" என்பது என் வாய் வரைக்கும் வந்துவிட்டது.

"பதினெட்டு ரூவாப்பா" என்றாள் கல்லா மேசையில் இருந்த நாகலெட்சுமி.

"எங்கிட்டயாம்மா?"

"ஒங்ககிட்ட வாங்காம சித்தப்பாகிட்ட எப்பிடிப்பா வாங்குறது?"

மாமா அவளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் சக்கரத்தைப் பார்த்தேன். மடியை அவிழ்த்து எண்ணிக் கொடுத்தார். சித்தப்பா கேட்காமலே சட்டைப் பையைத் தடவினார்.

1964 மே 17

லயத்துக்குப் போனோம். போன வாரம் வாங்கிக் கொடுத்த மாட்டுக்கு அம்மா புல் போட்டுக்கொண்டிருந்தாள். செவலை, செவலை என்றுதான் கூப்பிடுகிறாள். மாடு கறுப்பு.