நீலத் தேல் வந்து சேர்ந்தது

எர்தெனெத்,
வெள்ளை மாதம், நான்காம் நாள்.

அன்புள்ள நன்சல்மாவுக்கு,

புத்தாண்டு உனக்கு அமைதியாகப் பிறந்ததா? குளிர்காலம் உன்னை மெலிய வைக்காமல் விட்டதா? இங்கே கால்நடை நன்றாகக் கொழுத்திருக்கிறது. கால்நடை என்றால் ஒன்றே ஒன்றுதான். அதுதான் இந்தக் கடிதத்தை எழுதுகிறது.

தொலைபேசியில் பேசலாமே என்பாய். பேசினால், "சரி, வேற என்ன?" என்கிறாய். அதற்கப்புறம் வேறு என்ன என்று எனக்கே தெரியாமல் போய்விடுகிறது. கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை. உலான்பாத்தர் பேருந்து ஓட்டுநரிடம் இதையும், ஒரு பை நிறைய உறைந்த பூஸ் கொழுக்கட்டையும் கொடுத்தனுப்புகிறேன். நானே கறி கொத்தி, நானே பிடித்தவை. பாதிக்கு வாய் திறந்தே இருக்கும். செய்தவனைப் போலவே என்று உன் அக்கா யும்ஜா சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன்.

நீ தைத்து அனுப்பிய நீலத் தேல் அங்கி பண்டிகைக்கு முன்பே வந்துவிட்டது. பொட்டலத்தை உதறினேன். மார்பு மடிப்புக்குள் கையை விட்டுத் தேடினேன். ஒரு வரிகூட எழுதி வைக்கவில்லை நீ. சரி, தையல்தான் பேசட்டும் என்று போட்டுப் பார்த்தால், போன வருடத்துத் தேலைவிட இடுப்பில் நான்கு விரல் கூடுதல்! நீ போனால் நான் இளைத்துத் துரும்பாகிவிடுவேன் என்று நீ ஒரு கணமும் நினைக்கவில்லை, இல்லையா? பொருத்தம் என்னவோ அச்சாக இருக்கிறது. அதுதான் கோபம்.

இடைக்கச்சைதான் மானத்தை வாங்கியது. அவ்வளவு நீளப் பட்டை, மறுமுனையைப் பிடிக்கப் பெண்டாட்டி இல்லாமல் எவன் சுற்றிக்கொள்வான்? முனையைக் கதவுக் கைப்பிடியில் கட்டிவிட்டு, வயிற்றை எக்கிக்கொண்டு பம்பரமாகச் சுற்றி வந்தேன். இன்னும் இரண்டு சுற்றுத்தான் பாக்கி. அந்த நேரம் பார்த்து லுவ்சன் வெளியிலிருந்து கதவை இழுத்தான். நான் வாசல்வரை பறந்து போய் அவன் மார்பில் விழுந்தேன். "டேய், வருஷத்தோட முதல் வணக்கமே இவ்வளவு ஆசையாவா?" என்றான் பாவி. அதற்குள் படிக்கட்டு முழுக்க நம் சிநேகிதர் கூட்டம். எல்லாரும் பார்த்தாகிவிட்டது. மீதிச் சுற்றை லுவ்சன்தான் சுற்றிவிட்டான், குதிரைக்குச் சேணம் இறுக்குவதுபோல, முழங்காலை என் முதுகில் ஊன்றி.

வழக்கம்போல எல்லாரும் தேலும் தொப்பியுமாகத் தெருவில் இறங்கி, வீடு வீடாகப் போய், கடைசியில் லுவ்சன் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். அவன் மனைவி தெஜித் இந்த வருடம் செம்பு நிறப் பட்டில் தேல் தைத்திருக்கிறாள். நம் ஊர்ச் செம்புச் சுரங்கமே எழுந்து நடந்து வந்ததுபோல இருந்தது. சொல்லவில்லை. அவள் கையில் கத்தி இருந்தது, கொழுத்த ஆட்டு வாலை அறுத்துக்கொண்டிருந்தாள்.

நீ வராததற்கு, நீ பார்த்துக்கொள்ளப் போன அக்காவின் ஒடிந்த கால் இன்னும் கூடவில்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன். தெஜித் தன் போனை நீட்டினாள். "தம்பாண்ணே, கால் ஒடஞ்சவங்க ஆடுற ஆட்டத்தக் கொஞ்சம் பாருங்க" என்றாள். பச்சைத் தேலில் யும்ஜா அக்கா சுழன்றுகொண்டிருந்தார். அது பழைய படம் என்றேன். "பழசா? பின்னால தொங்குற காலண்டர் இந்த வருஷத்துது" என்றாள். அக்காவின் கால் குணமானதில் எனக்குப் பரம சந்தோஷம் என்று சொல்லி, ஒரு முழுப் பூஸையும் வாயில் போட்டுக்கொண்டேன். வாய் நிறைந்திருந்தால் யாரும் கேள்வி கேட்க மாட்டார்கள்.

அப்போதுதான் ஹந்தா வந்தாள். கொஞ்சம் பொறுத்து, அவள் இருப்பது தெரியாமல் சோத்னோமும் வந்தான். கோடையில் அவர்கள் விவாகரத்து வாங்கியது உனக்குத் தெரியும். இருவரும் நமக்குச் சிநேகிதர்கள், யாரை விட்டு யாரை அழைப்பது என்று தெஜித் தனித்தனியாக இரண்டு பேரையும் அழைத்துவிட்டாள். வணக்கம் சொல்ல எல்லாரையும் வயதுப்படி நிறுத்தும்போது, பழக்கதோஷத்தில் அவள் வாய் தவறிவிட்டது. "நீங்க ரெண்டு பேரும் தள்ளித் தள்ளி நில்லுங்க. புருஷன் பொண்டாட்டி ஒருத்தருக்கொருத்தர் வணக்கம் சொல்லக் கூடாது, தெரியும்ல?"

சொன்ன பிறகுதான் அவளுக்கே உறைத்தது.

ஹந்தாதான், "பரவால்ல தெஜித். இப்ப நாங்க சொல்லிக்கலாம். தடை ஒண்ணும் இல்ல" என்றாள். சட்டைக் கைமடிப்பை இறக்கிவிட்டுக்கொண்டு இரண்டு கைகளையும் நீட்டினாள். சோத்னோம் அவளைவிடச் சின்னவன் அல்லவா, அவள் முழங்கைகளைக் கீழிருந்து தாங்கினான். "அமைதியா இருக்கீங்களா?" என்று கேட்டான். கேட்டாயா நன்சல், 'இருக்கீங்களா' என்றான். கல்யாணமான நாளிலிருந்து ஒரு புத்தாண்டிலும் வணங்கிக்கொள்ளாத இருவர், வெகு அழகாக, ஒரு குறையும் இல்லாமல் வணங்கிக்கொண்டார்கள். அவன் தேலில் கழுத்துப் பொத்தான் ஒன்று அறுந்து தொங்கியது. ஹந்தா அதைப் பார்த்தாள். முன்பென்றால் கை தானாகப் போயிருக்கும். போகவில்லை.

ஏதாவது கேலி பேசி வீட்டைச் சிரிக்க வைக்க வேண்டிய ஆள் நான்தான். எல்லாரும் என்னைத்தான் பார்த்தார்கள். "என்னடா, வாய் அடைச்சுப்போச்சா?" என்றான் லுவ்சன். ஆட்டுக்கொழுப்பு தொண்டையில் சிக்கிக்கொண்டது என்று சொல்லிப் பால்கனிக்குப் போனேன். அந்தக் குளிரில் கண்ணில் நீர் வந்தால் இமையிலேயே உறைந்துவிடும். தெஜித் வந்து, "உள்ள வாங்கண்ணே, செல மாதிரி நிக்காதீங்க" என்று இழுத்துக்கொண்டு போனாள்.

நன்சல், அக்காவின் கால் எப்போது குணமாயிற்று என்று நான் கேட்கவில்லை. அங்கே உனக்கு என்ன வேலை என்றும் கேட்கவில்லை. புத்தாண்டு வணக்கத்துக்கு இந்த மாதம் முழுக்க வரலாம் என்பது உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வந்தால் லுவ்சன் வீட்டுக்குப் போ. அவனையும் தெஜித்தையும் முறைப்படி வணங்கு. ஹந்தாவைக் கன்னத்தோடு கன்னம் வைத்துத் தழுவிக்கொள். மாடிவீட்டுச் சிடுமூஞ்சிக்கும் கை கொடு, பாவம்.

என்னிடம் மட்டும் கையை நீட்டிவிடாதே. நம் வீட்டு வாசலில் நான் நின்றால், நிற்பதே தெரியாததுபோல என்னைத் தாண்டி உள்ளே போய்விடு. உன் பாதையில் குளிரும் பனியும் விலகி நிற்கட்டும்.

உன்,
தம்பா