எல்லாம் எங்கட பிள்ளையள்

நெடிய ஆலோசனைக்குப் பிறகு, இனித் தேநீருக்குச் சீனி போடுவதில்லை என்று இன்று காலை தீர்மானித்தேன். புலம்பெயர்ந்த தமிழரின் கடைத்தெருவான லா சப்பலில் நாம் வழக்கமாக இருக்கும் கடையின் முதலாளியிடம் அதை முறைப்படி அறிவித்தேன். "ஏன் அண்ணை, சுகரோ?" என்றார். இல்லை என்றேன். இஞ்சி வாசத்தோடு பிளேன்டீ வந்தது. நீரும் வந்து எதிரே உட்கார்ந்துவிட்டீர்.

சீனி குறைத்துத் தேநீர் தரும் வீடு எங்கள் சனத்திடம் இல்லை என்பதை நாம் இருவரும் சேர்ந்துதான் கண்டறிந்தோம். எங்கள் ஆய்வில் நம்பக்கூடிய முடிவு அது ஒன்றுதான்.

தாய் தகப்பனிடம் இல்லாமல் வேறு வீடுகளில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் எத்தனை பேர் என்று எண்ணிவர ஓர் அலுவலகம் நம்மை அனுப்பியது. போதிய பேர் இருந்தால், அவர்களுக்குச் சட்டப்படி பாதுகாவலரை நியமித்துப் பத்திரம் எடுத்துக்கொடுக்கத் தமிழ் தெரிந்த ஒருவரை வேலைக்கு வைப்பார்கள். கேள்வியை எழுத்துப் பிசகாமல் கேட்கவேண்டும், வீட்டுக்குள் சொன்ன பதிலை மட்டும் பதியவேண்டும் என்பது விதி.

பொண்டிப் புறநகரில் நாம் போன வீடு உமக்கு மறந்திராது. குசினி மேசையில் ஒரு சிறுமி வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். அவளுக்கு மேலே சுவரில் ஒரு படம் தொங்கியது. நீர் கேள்வியைக் கேட்டீர்: "வேறு ஆட்களின் பிள்ளைகள் இந்த வீட்டில் வளர்கிறார்களா?"

"அப்பிடி இஞ்சை ஒருத்தரும் இல்லைத் தம்பி. எல்லாம் எங்கட பிள்ளையள்" என்றார் வீட்டுக்காரி.

"பிள்ளையின்ரை அம்மா?"

"நான்தான்."

"அந்தப் படத்திலை பிள்ளையைத் தூக்கி வைச்சிருக்கிறவ?"

"அவவும்தான். தேத்தண்ணியைக் குடியுங்கோ, ஆறுது."

லிப்டு வரை கூடவே வந்து, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "தங்கச்சியின்ரை பிள்ளை. அவ மன்னாரிலை. பிள்ளை கேட்டுக்கொண்டிருக்கேக்கை, வேறை ஆற்றையோ பிள்ளை எண்டு சொல்லுவனே? நீங்கள் எண்டால் சொல்லுவியளே?"

மற்ற வீடுகளிலும் இப்படித்தான். பிள்ளைக்கு முன்னால் ஒரு பதில், லிப்டடியில் இன்னொன்று. லிப்டடிப் பதிலையும் சேர்க்கவேண்டும் என்று அலுவலகத்தில் நீர் வாதாடினீர். நடுவழியில் முறையை மாற்றினால் ஆய்வின் தரம் கெட்டுவிடும் என்றார்கள். தரம் காப்பாற்றப்பட்டது. விடை பூச்சியம்.

பிறகு ஒரு விழாவில், பொன்னாடை போர்த்திய ஒருவர் அந்தப் பூச்சியத்தை எங்கள் சமூகத்தின் வெற்றி என்று வாசித்தார். கைதட்டல் நீண்டது. நீர் என் பக்கம் சரிந்து, "பிள்ளையள் ஆரும் மண்டபத்திலை நிக்கினமோ எண்டு பாரும்" என்றீர். எனக்குச் சிரிப்பு வந்தது. உமக்கு வரவில்லை.

ஆஸ்பத்திரியில் கடைசியாகக் கண்டபோது, உம்முடைய நோயைப் பற்றி ஒன்றும் பேசவில்லை நீர். "பொண்டிப் பிள்ளைக்கு இப்ப என்ன வயசிருக்கும்?" என்றுதான் கேட்டீர். விசாரித்து வந்து சொல்கிறேன் என்றேன். அதற்குக் காத்திராமல் நீர் கண்ணை மூடிவிட்டீர். இவ்வளவு காலமும் அந்தக் கேள்வியோடுதான் திரிந்தேன்.

நேற்றுப் பொண்டிக்குப் போனேன். அதே வீட்டுக்காரி, அதே அளவு சீனி. பிள்ளைக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. சிறுவயதில் யாருடைய பொறுப்பில் இருந்தாள் என்பதற்குப் பத்திரம் இல்லாததால், வதிவிட அனுமதி மறுக்கப்பட்டிருக்கிறது.