ஞாயிற்றுக்கிழமை எடுத்த படம்

அண்ணை, வானத்திலிருந்து செய்மதி எடுத்த எங்கள் கரையின் படம் ஒன்று மேசையில் கிடக்கிறது. காற்றில் பறக்காமலிருக்க உங்கள் பழைய வலையின் ஈயக்குண்டொன்றை அதன்மேல் வைத்திருக்கிறேன். வலை காயப்போடும் காணி தப்பிவிட்டது. இதை முதலில் சொல்லாவிட்டால் உங்களுக்குப் பொறுமை இராது.

போன மாதம் அந்தக் காணி ஒருவரும் பயன்படுத்தாத, பாவனையற்ற அரச நிலம் என்று பட்டியலில் வந்தது. யாருக்கோ ஹோட்டல் கட்டக் கொடுக்கப் போகிறார்களாம். வலை விரிக்க வேறு இடம் எங்களுக்கு ஏது? மீனவர் சங்கத்தின் சார்பில் நான்தான் காணிக் கந்தோருக்குப் போனேன். அங்கிருந்த பெண் அதிகாரி கணினியைத் திருப்பிக் காட்டினார். அரசாங்கம் வெளிநாட்டுக் கம்பனியிடம் வாங்கிய செய்மதிப் படம்.

"வெறும் மணல்தானே ஐயா தெரியுது. ஒரு வள்ளம்கூட இல்லை."

படத்தைக் குனிந்து பார்த்தேன். கொஞ்சம் பொறுத்துத்தான் கேட்கத் தோன்றியது.

"பிள்ளை, இது என்ன கிழமை எடுத்தது?"

"செவ்வாய். காலமை."

"செவ்வாய்க்கிழமை வள்ளமும் வலையும் கடலிலையெல்லோ நிக்கும்! ஞாயிறு எடுத்த படம் கிடக்கோ எண்டு பாருங்கோ."

அவர் தேடிய நேரமெல்லாம் உங்களைத்தான் நினைத்தேன். ஞாயிறு கடலில் இறங்கக் கூடாதென்பதில் எவ்வளவு பிடிவாதம் உங்களுக்கு! கடல் குளம்போலக் கிடக்கும், நான் பல்லைக் கடிப்பேன். "சேர்ச்சுப் பூசைக்குப் போயிட்டு வந்து வலையைக் காயப்போடு. கடல் எங்கையும் ஓடாது" என்பீர்கள். ஒரே வள்ளத்தில் பங்காளிகளாக இருந்த இருபது வருஷமும் இதே சண்டை. வாய்க்குள் உங்களைத் திட்டியபடியே வலை விரித்திருக்கிறேன்.

ஞாயிற்றுப் படம் கிடைத்தது. நீங்கள் இருந்த காலத்துப் படம். காணி முழுக்கப் பச்சையும் நீலமுமாக வலைகள், ஓரத்தில் வரிசையாக வள்ளங்கள், நடுவே சில கறுப்புப் புள்ளிகள். புள்ளிகள் ஆட்கள் என்றார் அதிகாரி.

"உதிலை ஒண்டு எங்கடை அண்ணை," என்றேன். அவர் சிரித்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது. வெட்கப்படாமல் அழுதேன்.

அந்தப் படத்தை அச்செடுத்துத் தந்துவிட்டு, காணியைப் பட்டியலிலிருந்து நீக்கச் சொல்லி அங்கேயே கடிதம் எழுதினார். அதன் பிரதியை நான் இன்னும் சட்டைப் பையை விட்டு எடுக்கவில்லை.

"காணியைப் பாவிக்கிற ஆக்களின்ரை பேரைச் சொல்லுங்கோ ஐயா," என்று கேட்டார். உங்கள் பெயரைத்தான் முதலில் சொன்னேன். அவர் எழுதி முடித்த பிறகே மற்றதைச் சொன்னேன்.

"அவர் காலமாகிட்டார், பிள்ளை."

பேனையை அந்தப் பெயருக்கு மேலே கொண்டுபோனார். வெட்டவில்லை.

"படத்திலை நிக்கிறார்தானே," என்றுவிட்டு அடுத்த பெயரைக் கேட்டார்.